ஒரு நம்பர் ஏத்திப் போடு

வெயிலைத் திட்டியாயிற்று, ஒலிபெருக்கியில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த அறிவிப்புக்காரனைத் திட்டியாயிற்று, பக்கத்துக் கூடாரத்துப் பெங்களூர்க்காரர்களையும் அவர்களுடைய ஏசி வேனையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தாயிற்று, இனித் திட்டுவதற்கு யார் பாக்கி என்று சென்னியப்பன் தேடியபோது கையிலிருந்த ஸ்பார்க் பிளக்தான் மிஞ்சியது. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வாட்ச் கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டாவது தடவையாகப் பார்த்தார். பீங்கான் வெள்ளையாக இருந்தது. அது பரவாயில்லை. வெள்ளையின் மேல் மிளகில் பாதிகூட இல்லாத சைஸில் மூன்று வெள்ளிப் பொட்டுகள் இருந்தன. அதுதான் பரவாயில்லை என்று விட முடியாத விஷயம். அந்த வெள்ளி எங்கிருந்தும் பறந்து வரவில்லை, பிஸ்டனின் தலையிலிருந்து உரிந்து வந்து ஒட்டியிருக்கிறது. இன்னொரு ஓட்டம் இதே பிளக்கோடு ஓடினால் பொட்டு புண்ணாகும், புண் ஓட்டையாகும், நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் கப்பென்று பிடித்துக்கொள்ளும், பைக்கின் பின்சக்கரம் சுற்றாது, மேலே உட்கார்ந்திருப்பவள் சங்கவி. அவருடைய மகள். இருபத்து நாலு வயது, வலது தோளில் ஏற்கெனவே ஒரு தகடு. மணி இரண்டு. ஃபைனல் ரெண்டே முக்காலுக்கு. முக்கால் மணி நேரத்துக்குள் இந்த இன்ஜினுக்கு ஒரு பிளக் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அவ்வளவுதான் வேலை, முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. பதினாலுக்கு ஒன்று கம்ப்ரெஷனில் அவரே கட்டிய இன்ஜின். ஒன்பதாம் நம்பர் போதும் என்று காலையில் நினைத்தது அவர்தான். காலையில் வெயில் இவ்வளவு இல்லை. பத்தாம் நம்பர் இரண்டு கொண்டுவந்திருந்தார், கெட்டிக்காரர். டயர் காற்றை மறுபடி அளக்க வேண்டும் என்று வந்த அதிகாரியிடம் மேஜையைக் குத்திப் பேசினார், குத்திய குத்தில் டப்பா கவிழ்ந்து இரண்டு பிளக்கும் சிமெண்ட் தரையில் விழுந்தன. இரண்டிலும் பீங்கானில் மயிரிழை விரிசல். விரிசல் விட்ட பிளக்கைப் போடுவதற்குப் பதில் துளைக்குள் விரலைவிட்டு அடைத்துக்கொள்ளலாம். அதிகாரி மேல் ஆத்திரம் வந்தது. மேஜை மேல்கூட வந்தது. கை மேல் வரவில்லை, கை அவருடையது.

சங்கவியைக் கூப்பிட்டு, ஓடுதளத்துக் கோடியில் உதிரிச் சாமான் விற்கிறவனிடம் போய் இதைக் காட்டி ஒரு நம்பர் ஏத்தி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினார். அவள் போகிற போக்கைப் பார்த்தார். ரேஸ் உடுப்பை இடுப்புவரை கழற்றிக் கைகளை முடிச்சுப் போட்டிருந்தாள், வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள். மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்கு அவள் வைக்கும் ஒவ்வொரு அடியிலும் தெரியும், இன்ஜினில் ஒரு வால்வு லேசாகத் தட்டினால் தெரிகிற மாதிரி, அந்தத் தட்டல் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு பெயர் எழும்பும், திருமூர்த்தி. அந்தப் பெயர் எழும்பியதும் அடுப்பில் பால் பொங்குவது மாதிரி எல்லாம் மேலே வரும். அங்கேதான் நிற்கிறான். பார்க்காமலே தெரியும். கம்பிவலைக்கு அந்தப் பக்கம், டிக்கெட் வாங்கிய ஜனத்தோடு ஜனமாக, கையில் டிபன் கேரியரோடு. அவனுடைய அக்கா, இவர் மனைவி, கொடுத்தனுப்பியிருப்பாள். மயிலாத்தாளுக்கு வேறு வேலை இல்லை, கோயம்புத்தூரிலிருந்து இந்தப் பொட்டலுக்கு நானூற்றைம்பது கிலோமீட்டர் தம்பியிடம் புளிச்சோறு கொடுத்தனுப்புவாள், என்னவென்று கேட்காமலே புருஷன் வேண்டாம் என்பான் என்று தெரிந்தும் அனுப்புவாள். காலையில் சங்கவி போய் மாமனிடம் பேசிவிட்டு வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து தனக்கு எதிராக ஒரு குடும்பம் நடத்துகிறார்கள் என்று சென்னியப்பனுக்குத் தோன்றும். நடத்தட்டும். பந்தயத்துக்குப் பந்தயம் வந்து வேலிக்கு வெளியே நிற்கிறானே, எந்த முகத்தோடு நிற்கிறான். தான் பிஸ்டனில் ஓட்டை போட்டுத் தள்ளிவிட்ட பிள்ளை மறுபடி ஓட்டுவதை எந்த நெஞ்சோடு பார்க்கிறான். தன் கூடப்பிறந்தவளின் பெண். சின்ன வயதில் பெட்ரோல் டாங்க் மேல் உட்காரவைத்துச் சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கூட்டிப்போனது அவன்தான். அவனைப் பார்த்துத்தான் அது வண்டி வண்டி என்று கத்தப் பழகியது. அதற்கும் சேர்த்து அவனை அறைந்திருக்க வேண்டும்.

வேலை, வேலையைப் பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சூடு பிடித்துவைத்துக்கொள்கிற பிளக் ஹாட், சூட்டைச் சட்டென்று சிலிண்டர் ஹெட்டுக்குக் கைமாற்றிவிட்டுக் குளிர்ந்துகொள்கிற பிளக் கூல், இவ்வளவுதான் இதில் உள்ள வித்தை, ஆனால் இதைத் தெரிந்துகொள்ள அவருக்குப் பத்து பிஸ்டன் செலவானது. ஹாட் போட்டால் அதன் மூக்கு கனலாகி, பொறி விழுவதற்கு முன்பே தானாகப் பற்றவைக்கும். மேலேறிக்கொண்டிருக்கிற பிஸ்டனின் தலையில் சம்மட்டி விழும். அதற்குப் பயந்து ரொம்பக் கூலாகப் போட்டாலும் தொல்லைதான். மூக்கில் கரி பிடித்து, பச்சை விளக்கு விழும்போது இன்ஜின் இருமிக்கொண்டு நிற்கும், பக்கத்துத் தடத்தில் பெங்களூர்க்காரி பறந்துவிடுவாள், பெண் பிள்ளைக்கு இன்ஜின் கட்டிக்கொடுத்தானாம் என்று கூடாரம் போட்டிருக்கிற இந்த பேடாக் முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும். சிரிப்பை ஆற்றிக்கொள்ளலாம், எலும்பை ஆற்ற எட்டு மாசம் ஆனது. எட்டு மாசம். போன வருஷம் இதே பொட்டல், இதே வெயில், அவர் மட்டும் இங்கே இல்லை. அம்மை போட்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அம்மை, சின்னப் பிள்ளைக்கு வருகிறதெல்லாம் இந்த வயதில் வந்தால் யாரைத் திட்டுவது, ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று மயிலாத்தாள் நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டாள், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார், கண் இமைக்குள்கூடக் கொப்புளம். அம்மை போட்ட வீட்டில் சத்தம் போடக்கூடாது என்பார்கள். ஆயுளில் அந்தப் பதினோரு நாள்தான் அவர் மெல்லப் பேசினார். பந்தயத்தன்று திருமூர்த்தி போன் செய்தான், வெயில் ஏறிக்கொண்டே போகிறது, பிளக் வெளுக்கிறது, என்ன செய்யட்டும் மச்சான். மயிலாத்தாள் போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னது ஐந்து சொல். இருக்கறதுல ஒரு நம்பர் ஏத்திப் போடு. ஐந்தே சொல், ஒரு கழுதைக்குக்கூடப் புரியும். ஏத்து என்றால் கூல், கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையிலும் ஏத்து என்றால் கூல்தான், எட்டிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பத்து. நம்பர் ஏற ஏறச் சூடு இறங்கும். அவன் சொன்னதைச் செய்யவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி போன். இந்தத் தடவை மயிலாத்தாள் போனை அவர் காதில் வைக்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஜினை ஆஸ்பத்திரி வாசலுக்கே சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அம்மைப் புண் காயாத முகத்தோடு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரைகூடக் காத்திராமல் அன்று ராத்திரியே கிளம்பி வந்தவர், மகளைக்கூடக் கண்ணாடிக் கதவு வழியாக ஒருதரம் பார்த்துவிட்டு, நேராகச் சாக்கைத்தான் அவிழ்த்தார். பிஸ்டன் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. பிளக்கின் பீங்கான், வண்டி விழுந்த அடியில் உடைந்து எங்கேயோ போய்விட்டது, மரை மட்டும் ஹெட்டில் ஒட்டியிருந்தது, நம்பரும் இல்லை கம்பெனியும் இல்லை. தேவையும் இல்லை. ஓட்டையைப் பார்த்தாலே தெரியாதா. ஹாட். நடைபாதையில் திருமூர்த்தி நின்றான், சட்டையெல்லாம் சங்கவியின் ரத்தம் காய்ந்து. பேடாக்கில் பாதி அங்கேதான் இருந்தது, பெங்களூர்க்காரர்கள், பொள்ளாச்சி அண்ணன் தம்பிகள், மயிலாத்தாள், நர்சுகள். என்னடா போட்டே என்றார். நீங்க சொன்னபடிதான் மச்சான், நாலுல இருந்து... என்று அவன் ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அவர் முடிக்கவிடவில்லை. அறை விழுந்த சத்தத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகும் இரண்டு தரம் சொன்னான், சொன்னதைத்தான் செஞ்சேன், சொன்னதைத்தான் செஞ்சேன். பொய் சொல்கிறவன் ஒரே வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வான் என்று அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பதினாறு நாள் கழித்து அக்காவிடம் வந்து, ஒருவேளை எனக்குத்தான் காது தப்பாகக் கேட்டிருக்கும் என்றானாம். பார்த்தாயா, ஒத்துக்கொண்டானா என்றார் சென்னியப்பன். அன்றிலிருந்து மயிலாத்தாள் அவரிடம் சாப்பிடக் கூப்பிடுவதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை. பட்டறையில் அவன் லேத் போட்டிருந்த மூலை காலியாகக் கிடக்கிறது. பம்ப்செட் கம்பெனியில் காயில் சுற்றுகிறானாம். இன்ஜினைத் தொடுவதில்லையாம். நல்லது. தொடக்கூடாத கைதான் அது. பதினோரு மாசமாக அந்தக் கை ஞாபகம் வரும்போதெல்லாம் சென்னியப்பனுக்கு ஒரு தெம்பு வரும், காலையில் எழுந்திருக்க, இன்ஜினை மறுபடி முதலிலிருந்து கட்ட, மகளை மறுபடி வண்டியில் ஏற்ற. அவன் இல்லாமல் நான் செய்து காட்டுகிறேன் என்கிற தெம்பு. காபி குடித்த மாதிரி.

சங்கவி வந்துவிட்டாள், கையில் இரண்டு சின்ன அட்டைப்பெட்டி. பெட்டியின் நிறமே வேறாக இருந்தது. ஜப்பான் பிளக் தீர்ந்துபோச்சாம், இந்த வெயிலுக்கு எல்லாரும் பத்தாம் நம்பரையே வாங்கிப் போய்விட்டார்களாம், ஜெர்மன்தான் இருக்கிறதாம் என்றாள். நாம் போட்டிருக்கிற ஒன்பதுக்கு இதில் மூன்று என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் பெட்டியை வாங்கித் திருப்பினார். நாலு. வழக்கம்போல உடனே கோபம் ஏறியது.

“எதுக்கு இந்த நாலு? ஏத்தி வாங்கச் சொன்னா சூட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கறே. ஓட்டறவளுக்கு இதுகூடத் தெரியாதா?”

“ஏத்தத்தானுங்கப்பா சொன்னீங்க. மூணுக்கு மேல நாலுதானுங்களே.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைக்காரருக்கும் சந்தேகம் வந்து ரெண்டாம் நம்பரும் ஒன்று கொடுத்துவிட்டார், எது வேண்டாமோ அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார் என்று இரண்டாவது பெட்டியையும் மேஜையில் வைத்துவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டாள்.

மூணுக்கு மேல நாலுதானே. ஆமாம், நாலுதான், ஒன்றாம் வகுப்பில் சொல்லித்தருகிற கணக்கு, ஆனால் இது ஜெர்மன்காரன் பிளக், ஜெர்மன்காரனுக்கு நம்பர் ஏறினால் சூடும் ஏறும், ஜப்பான்காரனுக்கு நம்பர் ஏறினால் சூடு இறங்கும், இரண்டு பேரும் ஒருவனுக்கொருவன் முகம் பார்க்காமல் நம்பர் போட்டுவிட்டான்கள், இது இவளுக்கு எப்படித் தெரியும், சொன்னால்தானே தெரியும், ஏத்து என்றால் கூல் என்பது ஜப்பான் பிளக்கையே போட்டுப் பழகிய பட்டறையின் பாஷை, வெளியாளுக்கு ஏத்து என்றால் ஏத்து. வெளியாள். லேத் போடுகிறவன் வெளியாள்தான். மரை வெட்டுவான், புஷ் கடைவான், பிளக் அட்டவணை அவன் பார்த்ததில்லை, சொன்னதைச் செய்வான். சொன்னதைத்தான் செஞ்சேன். இல்லை, இது வேறு, அன்று இன்ஜினில் இருந்தது ஜப்பான் பிளக், எட்டு, அவரே தன் கையால் முறுக்கி அனுப்பியது. கோயம்புத்தூரில் முறுக்கியது எட்டு. இங்கே வந்து ஓடிய ஓட்டத்தில் அது என்ன ஆனது? அதை ஏன் இதுவரை கேட்கவில்லை? கேட்க என்ன இருக்கிறது. மேஜையிலிருந்த இரண்டு பெட்டியையும் எடுத்தார், வைத்தார், எடுத்தார். இருக்கறதுல ஒரு நம்பர் ஏத்திப் போடு. இருக்கறதுல. எது இருந்தது. வேப்பிலை வாசம் வந்தது, கசப்பும் மஞ்சளும் காய்ச்சலும் கலந்த வாசம், காதோரம் மயிலாத்தாளின் வளையல் உரசியது, போனை அவர் காதில் வைப்பதற்கு முன்னால் அவள் ஏதோ சொன்னாள். சொன்னாள். கடையில நீங்க போடறது கிடைக்கலியாமா, வேற ஏதோ கம்பெனி வாங்கி மாட்டியிருக்கானாமா. அவர் கண்ணைத் திறக்காமல், எதோ ஒண்ணு என்றார். எதோ ஒண்ணு, இருக்கறதுல ஒரு நம்பர் ஏத்திப் போடு. இந்த ‘எதோ ஒண்ணு’ இத்தனை நாள் எங்கே போயிருந்தது. காய்ச்சல் தின்றுவிட்டதா, அல்லது தானே விழுங்கிவிட்டாரா. நாலுல இருந்து, என்றான் அவன். நாலுல இருந்து அஞ்சு போட்டேன் என்று சொல்ல வந்தான். ஜப்பான் பிளக்கில் நாலாம் நம்பர் என்றால் புல்வெட்டும் மெஷினுக்குப் போடுவது, பந்தய இன்ஜினில் நாலு என்று ஒருவன் சொன்ன அந்தக் கணமே சென்னியப்பனுக்குப் புரிந்திருக்க வேண்டும், முப்பது வருஷ டியூனருக்கு அரைக் கணம் போதும், அந்த அரைக் கணத்தில்தான் கையை ஓங்கினார். நம்பரைக் கேட்ட காது இருந்தது, அதற்கு முன்னால் கை போய்விட்டது. உளறுகிறான் என்று நினைத்தார். நினைத்தாரா, நினைக்க விரும்பினாரா. சீ, என்ன இது, வழக்கு மன்றமா. ஆத்திரம் எங்கேயாவது போய் உட்கார இடம் தேடியது. ஜெர்மன்காரன் மேல் ஏறியது, நிற்கவில்லை, வழுக்கிவிட்டது. ஜப்பான்காரன் மேல், கடைக்காரன் மேல், போனை நேராகப் பிடிக்காத மயிலாத்தாள் மேல், அவள்தான் சொன்னாளே. ஆத்தா மேல்கூட ஒரு கணம் போய்ப் பார்த்தது, பதறித் திரும்பி வந்தது. எங்கும் உட்காராமல் கடைசியில் அவர் மடியிலேயே வந்து உட்கார்ந்தது, அது எவ்வளவு கனம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினோரு மாசம் இதை அவன் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான், டிபன் கேரியரையும் சேர்த்து.

மணி இரண்டு இருபது. செய்ய வேண்டியது சுலபம், ரெண்டாம் நம்பரை எடுத்து, இடைவெளியை அளந்து, முறுக்கிவிட வேண்டும், கரி பிடிக்காமலிருக்க ஓட்டத்துக்கு முன்னால் இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிள்ளை பத்திரம். அதோடு முடிந்தது. வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. பீங்கான் போன வருஷமே இந்தத் தாரில் தூளாகிவிட்டது. ஒத்துக்கொள்ள வேண்டியவன் தானாகவே ஒத்துக்கொண்டுவிட்டான், காது தப்பாகக் கேட்டிருக்கும் என்று அவனே சொல்லிவிட்டான். பெரிய மனசு பண்ணி அடுத்த மாசம் அவனைப் பட்டறைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம், போனது போகட்டும் என்று சொல்லலாம், மன்னித்துவிட்டேன் என்று. மயிலாத்தாளும் பேசுவாள். எல்லாரும் சென்னியப்பனுக்குக் கோபம் இருக்குமே தவிர மனசு தங்கம் என்பார்கள். இப்படி யோசித்துக்கொண்டே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்தார், அதன் தகடு உள்ளே போக மறுத்தது. மன்னிப்பதாம். அவருக்குத் தன் மேல் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வாய் உலர்ந்து கிடந்தது. தோளில் தகடு வைக்கும்போது எலும்பில் துளை போடுவார்கள் என்று டாக்டர் சொன்னார், நாலு துளை, நான் போட்டது, ஐந்து சொல்லில் நான் போட்டது. படுக்கையில் கிடந்த நாளெல்லாம் சங்கவி கேட்பாள், மாமா ஏனுங்கப்பா அப்படிப் பண்ணினார் என்று. வேண்டுமென்று பண்ணியிருக்கமாட்டான், ஆனால் புத்தி இல்லாதவன் என்று அவர் பதில் சொல்வார். எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னோம் என்று அப்போது தோன்றியதுகூட ஞாபகம் இருக்கிறது. மூணுக்கு மேல நாலுதானுங்களே. அவளும் கொண்டுவந்திருக்கிறாள் அதே சூட்டை, அதே வாயைக் கேட்டு, ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல். அவளையும் அறைவாயா? ரெண்டாம் நம்பர் பிளக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்பானரும் கையுமாக எழுந்தார். கூடாரங்களுக்கு நடுவே நடந்து, டயர் அடுக்குகளைத் தாண்டி, கம்பிவலைக்குப் போனார்.

திருமூர்த்தி அவர் வருவதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனான். நாற்பத்திரண்டு வயது ஆள் அப்படிப் பின்வாங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாப்ள என்று கூப்பிட்டார். அவன் தன் பின்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தான். சென்னியப்பன் வலையில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில், அன்றைக்கு நீ போட்டது சரி, நான் சொன்னதுதான் தப்பு, அது ஜெர்மன் பிளக், இறக்கிப் போடச் சொல்லியிருக்க வேண்டும், வேற கம்பெனி என்று உங்க அக்கா சொல்லியும் நான் காதில் வாங்கவில்லை என்றார். சொல்லும்போதே சுற்றிலும் யாராவது நிற்கிறார்களா என்று கண் பார்த்துக்கொண்டது. கண் பார்த்ததைத் திருமூர்த்தி பார்த்தான். அவன் அழுவான் என்று எதிர்பார்த்தார். அவன் டிபன் கேரியரை மெல்லக் கீழே வைத்தான்.

“எனக்குத்தான் காது கேக்கறதில்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன் மச்சான். போன மாசம் டாக்டர்கிட்டப் போய்க் காதைக் காட்டுனேன். மெஷின் வெச்சுப் பாத்துட்டு, ஒரு குத்தமும் இல்லீன்னார். அப்பறமும் நான் நம்பல.”

சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இருங்க. அன்னைக்கு எல்லாத்து முன்னாலயும் அடிச்சீங்க. இன்னைக்கு என்ற காதுக்கு மட்டும் சொல்றீங்க.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அவன் கோபப்பட்டு சென்னியப்பன் பார்த்ததில்லை, இருபத்தைந்து வருஷத்தில் ஒருதரம்கூட. அவனிடம் அது இருப்பதே தெரியாது. எல்லாக் கோபத்தையும் தன் வீட்டுச் சொத்து மாதிரி தானே அனுபவித்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. வலையை விட்டுத் திரும்பினார். கூடாரங்களில் ஆட்கள் இருந்தார்கள், பொள்ளாச்சி அண்ணன் தம்பிகள் தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள், ஏசி வேனின் கதவு திறந்திருந்தது, டயர் அளந்த அதிகாரி நாற்காலியில் காலை நீட்டியிருந்தார், அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்ற அதே முகங்கள்தான் பாதிக்கு மேல். சங்கவி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். சென்னியப்பனுக்கு மெல்லப் பேசித்தான் வராது, கத்த வரும். கத்தினார். போன வருஷம் என்ற பொண்ணு விழுந்தது திருமூர்த்தி தப்பால இல்ல என்று ஆரம்பித்தார், அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி ஃபைனலுக்கு வண்டிகளை வரச் சொல்லி அலறியது, ஒருவருக்கும் கேட்கவில்லை, நாலைந்து பேர் மட்டும் இவர் இன்றைக்கு யாரைத் திட்டுகிறார் என்று சிரித்தபடி பார்த்தார்கள். அப்படியே விட்டுவிடலாம். சொல்லியாயிற்று என்று கணக்காகிவிடும். ஒலிபெருக்கி ஓயும்வரை நின்றார். ஓய்ந்ததும் தொண்டை நரம்பு புடைக்க மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

“என்ற பொண்ணு விழுந்தது திருமூர்த்தி தப்பால இல்ல. பிளக்கு நான் மாத்திச் சொன்னேன். அவன் சொன்னதைச் செஞ்சான். நான் அவனை அடிச்சேன். எல்லாரும் கேட்டுக்கங்க, அவன் கை இல்ல, என் வாய்.”

தர்பூசணிக்காரர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். வெயிலில் தகரக் கூரை மட்டும் டக் டக்கென்று விரிந்தது. முதுகுக்குப் பின்னால் வலைக்கு அந்தப் பக்கம் திருமூர்த்தி என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. சங்கவி எழுந்து வந்தாள். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள், விரல் விரலாக, அவசரமில்லாமல். முகத்தில் எதுவும் இல்லை, அல்லது அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. எட்டு மாசம் படுத்திருந்ததெல்லாம் அவள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், மாமனை ஏசிய அவருடைய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வரும் என்று நினைத்தார், ஓங்கி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தார். அவள் அவர் சட்டைப் பைக்குள் தானே கையை விட்டுப் பிளக்கை எடுத்தாள், பீங்கானைத் திருப்பி எழுத்தைப் படித்தாள். ஸ்பானரையும் அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நானே போட்டுக்கறேன் என்றாள்.

“இது ரெண்டு. ஜெர்மன். கூலா, ஹாட்டா?”

அவர் தலையாட்டினார்.

“தலையாட்டாதீங்கப்பா. வாயில சொல்லுங்க.”

“கூலு,” என்றார் சென்னியப்பன்.